ஒரு மனு போய் வரும் வழி

ஒரு முழு வெள்ளைத் தாள். மேலே 'அனுப்புநர்', அதன் கீழ் 'பெறுநர்', பிறகு 'பொருள்', கடைசியில் 'இப்படிக்கு'. திருவள்ளூர் மாவட்டத்து ஆர்.கே.பேட்டை தாலுகா அலுவலகத்துக்குள் கஷ்டம் நுழைவதென்றால் பெரும்பாலும் இந்த நான்கு சொற்களுக்கு நடுவே அடங்கித்தான் நுழைகிறது. இது விசைத்தறி ஓடும் வட்டாரம். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் தறிச் சத்தம் கேட்கும். கூலி பாக்கி நின்றாலோ, தறி ஓட்டியவர் படுத்துவிட்டாலோ முதலில் நகை அடகுக் கடைக்குப் போகும். அதற்கும் வழியில்லாதபோது மனு.

கணவரை இழந்த ஒரு பெண் ஆதரவற்ற விதவை உதவித்தொகை கேட்டு எழுதும் மனுவை எடுத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்தில் இப்படி எத்தனையோ மனுக்கள் உண்டு என்பதால் யாருடைய பெயரும் தேவையில்லை. அது போகும் வழியைப் பார்த்தால் போதும்.

அது பிறக்கும்போதே ஒரு மொழியைத் தாண்டுகிறது. இங்கே பல வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. அழுதுகொண்டே தெலுங்கில் சொன்னதை, எழுதுபவர் தமிழில் 'மிகவும் வறுமை நிலையில் வாழ்ந்து வருகிறேன்' என்று ஒரே வரியாக்கிவிடுகிறார். சொன்னதில் எது சட்டப்படி முக்கியம், எது இல்லை என்று பிரிக்கத் தெரிந்தவர் எழுதினால் பிழைத்தது. தெரியாதவர் எழுதினால் அந்த வரி மட்டுமே மிஞ்சும். அந்த வரியைப் படித்து எந்த அலுவலராலும் எதுவும் செய்ய முடியாது.

இந்தத் தாள் போய்ச் சேரவேண்டிய திசையும் இங்கே பலமுறை மாறியிருக்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி வட்டாரம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் எல்லைத் தகராறின் நடுவர் படாஸ்கரின் பரிந்துரையும் கொண்டுவந்த மாற்றம் அது. சேர்ந்த இடம் செங்கல்பட்டு மாவட்டம். அதன் தலைமையகம் அப்போது சைதாப்பேட்டையில் இருந்தது, 1968-இல் காஞ்சிபுரத்துக்குப் போனது. 1997 முதல் திருவள்ளூர் தனி மாவட்டம். ஆக, ஒரே வீட்டில் பாட்டி சித்தூர் கலெக்டருக்கும், மகள் காஞ்சிபுரத்துக்கும், பேத்தி திருவள்ளூருக்கும் மனு எழுதியிருக்க முடியும். எல்லை வந்தது, மாவட்டம் வந்தது, தாலுகாவும் வந்துவிட்டது. எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்ற தேவை மட்டும் அப்படியே இருக்கிறது.

திங்கட்கிழமை. ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அன்றைய கூலியை விட்டுவிட்டு, முதல் பேருந்தைப் பிடித்து, திருத்தணி வழியாகத் திருவள்ளூர். வாசலில் போலீசார் பையைச் சோதிப்பார்கள். வரிசையில் நின்று மனுவைக் கணினியில் பதிவு செய்து, எண் போட்ட சீட்டை வாங்கி, அதிகாரியிடம் தாளை நீட்டினால் உரிய துறைக்கு அனுப்புவார்கள். உதவித்தொகை மனு என்றால் உரிய துறை எது? ஆர்.கே.பேட்டையிலேயே இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார். அங்கிருந்து வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), அவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.). அவர் மனுதாரரின் தெருவுக்கு வந்து விசாரிக்க வேண்டும். மாவட்டத் தலைநகர் வரை போன தாள், கிளம்பிய தெருவுக்கே திரும்பி வந்து நிற்கிறது. நேராக இங்கேயே, சரியான படிவத்தில், சரியான இணைப்புகளோடு பதிவு செய்திருந்தால் போதும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒரு நாள் கூலி மிஞ்சியிருக்கும்.

அப்படிச் சொல்லத் தெரிந்தவர், கேட்கவும் தெரிந்தவராக இருப்பார். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"வீட்டுக்காரர் பேர்ல பேங்க் புக் இருக்குதாக்கா?"

"இருக்குதுப்பா. அதுல காசு ஒண்ணும் இல்ல."

"காசு இல்லாட்டிப் பரவால்ல. புக்க எடுத்துட்டு வாங்க."

அந்தப் பாஸ்புக்கில் அவர் தேடுவது ஒரே ஒரு வரியை. மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருக்கிறார்களா? பிடித்திருந்தால் இறந்தவர் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் இருந்திருக்கிறார். 55 வயதுக்குள், எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும், குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. பிடித்தது 20 ரூபாய் மட்டும் என்றால் அது விபத்துக் காப்பீடு, நோயில் இறந்தவருக்குப் பொருந்தாது. கணக்கு தொடங்கிய நாளில் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமலே போய்ச் சேர்ந்த ஆண்கள் நிறைய. அந்த 436 ஆங்கில எழுத்துக் குறியீட்டோடு பாஸ்புக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். வங்கியும் தேடி வந்து சொல்லாது. அடுத்த கேள்வி, இறந்தவருக்கு வயது 59-க்குள்தானா, குடும்பம் வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்பது. இரண்டும் ஆம் என்றால் தேசியக் குடும்ப நல உதவித் திட்டத்தில் 20,000 ரூபாய் கேட்கலாம். விசைத்தறித் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தாரா என்பது அதற்கடுத்த கேள்வி. மாத உதவித்தொகை 2023 ஆகஸ்டில் ஆயிரத்திலிருந்து 1,200 ஆனது. அந்த 1,200-ஐ மட்டும் கேட்க வந்தவருக்கு, கேட்கத் தெரியாமல் விட்ட லட்சங்கள் இருக்கலாம் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்வது. திட்டங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவற்றுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே உட்கார ஆளில்லாததைத்தான் குறையாகச் சொல்கிறேன்.

நடுவே உட்காரும் இந்த வேலையை நாடு முழுக்கச் செய்து பார்த்தது பிரிட்டன். இரண்டாம் உலகப் போர் அறிவிப்புக்கு மறுநாள், 1939 செப்டம்பர் 4 அன்று, அங்கே 200 குடிமக்கள் ஆலோசனை நிலையங்கள் திறந்தன. உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். ரேஷன் அட்டை தொலைந்தவர், கணவர் போர்முனையில் காணாமல் போனவர், குண்டு விழுந்து வீடிழந்தவர் என எல்லாருக்கும் ஒரே மேசை. குதிரை ஏற்றும் வண்டியொன்றை அலுவலகமாக மாற்றி, குண்டு விழுந்த தெருக்களுக்கே ஓட்டிப் போனதும் உண்டு. அந்த நிலையங்கள் இன்றும் இயங்குகின்றன.

நம்மிடம் சட்டம் இருக்கிறது, அதுவும் நல்ல சட்டம். 1976-இல் அரசியல் சட்டத்தில் 39ஏ பிரிவு சேர்ந்து இலவச சட்ட உதவியை அரசின் கடமையாக்கியது. 1987-இல் இயற்றிய சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 12-ஆம் பிரிவைத் தாலுகா அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். பெண் என்றால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், ஆலைத் தொழிலாளர்கள் எல்லாருக்கும் அப்படியே. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சம்பளம் கிடைக்காமல் நிற்கும் ஒடிசாத் தொழிலாளியும் இதற்குள் வருவார். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2009-இல் தொடங்கிய திட்டத்தின்படி பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் ஊர்களில் இருக்கவேண்டும். ஆனால் இலவச சட்ட உதவி என்றாலே கேஸ் போடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கோர்ட் படி ஏறப் பயந்தவர் அந்தப் பக்கமே போவதில்லை.

சட்டத்துக்கும் மனு கொடுப்பவருக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்பதை நெல்லையில் பார்த்தோம். 2017 அக்டோபர் 23, அதுவும் ஒரு திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமை என்று பலமுறை மனு கொடுத்திருந்த ஒரு குடும்பம், கணவன், மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள், ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்து மாண்டது. கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. திருவள்ளூர் வாசலில் பைகளைத் துழாவும் கைகள் தேடுவது மண்ணெண்ணெயைத்தான். அதே வாசலில், பையைத் திறந்து காட்டுபவரிடம் "என்னம்மா பிரச்சினை, உட்காருங்க" என்று கேட்கவும் ஒருவரைப் போட்டிருக்கவேண்டும் என்று அன்று தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

நம் மனுவுக்கு வருவோம். பதில் வரவில்லை என்றால்? 2015-இல் வந்த அரசாணை 99-இன்படி மூன்று நாளில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் முடிவும் தரவேண்டும். தராவிட்டால் 10 ரூபாய்க் கோர்ட் வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தந்தாகவேண்டும். வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவருக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். 'நிராகரிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதி அனுப்பினால், என்ன காரணத்தால் என்று கேட்டு மேல்முறையீடு செய்யலாம். இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது?

ஆர்.கே.பேட்டை தாலுகா அலுவலக வாசலில் ஒரு மேசை போடவேண்டும். எல்லா வேலை நாளும் இரண்டு பேர் அங்கே உட்காரவேண்டும், ஒருவருக்காவது தெலுங்கு தெரிந்திருக்கவேண்டும். மனு எழுதக் காசு வாங்கக் கூடாது. எழுதியதை மனுதாரருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்கவேண்டும். ஒப்புகைச் சீட்டின் எண்ணை ஒரு நோட்டில் குறித்துவைத்து, ஒரு மாதம் ஆனதும் அவர்களே கூப்பிட்டு "பணம் வந்துச்சாக்கா?" என்று கேட்கவேண்டும். ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ.க்களும் ஆசிரியர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள்.