கவசத்தின் மேல் மந்திரம்

மேசையில் இருபது முகப் பகடை உருண்டு நிற்கிறது. ஓர்க்கின் வாள்வீச்சு, கூட்டினால் 17. மந்திரவாதியின் காப்பு எண்ணான ஏசி (ஆர்மர் கிளாஸ்) 15; அதை எட்டினால் அடி படும். வெட்டு விழுந்துவிட்டது என்று நான் வாயெடுப்பதற்குள், "ஷீல்ட்!" என்று குரல் வருகிறது. ஏசி 20 ஆகிறது, வெட்டு வீணாகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்துபவன் என்ற முறையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். இந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுக் கணக்குவழக்கு இருக்கிறது. துணி உடுத்திய மந்திரவாதி, இரும்பு அணிந்த போர்வீரனுக்கு எவ்வளவு பக்கத்தில் வரலாம் என்பதுதான் அந்த வழக்கு. இதில் நான் போர்வீரன் கட்சி.

1974-இல் இந்த ஆட்டத்தின் முதல் பெட்டி வெளிவந்தது. அமைத்தவர்கள் இருவர்: விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் கேரி கைகாக்ஸ், மினசோட்டாவில் டேவ் ஆர்னஸன். இருவரும் சிறு பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்திப் போர் விளையாடி வந்தவர்கள். ஆர்மர் கிளாஸ் என்ற ஏற்பாட்டை, அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கப்பல்களுக்காக எழுதிய விதிகளிலிருந்து எடுத்ததாக ஆர்னஸன் பின்னாளில் சொன்னார். அன்று எண் குறையக் குறையக் காப்பு கூடும். வெற்றுடம்பு 9, தோல் 7, சங்கிலிச் சட்டை 5, தகட்டுக் கவசத்தோடு கேடயமும் இருந்தால் 2. தொடக்க நிலைப் போர்வீரன் 9-ஐ அடிக்கப் பகடையில் 10 விழ வேண்டும். 2-ஐ அடிக்க 17. அதாவது நூற்றுக்கு 55 வாய்ப்பு, 20 ஆகச் சுருங்குகிறது.

அந்தப் பெட்டியின் விதிகளில் என்னைக் கவர்ந்தது ஒரு சிறிய விதி. மந்திரம் ஏற்றிய கவசத்தின் கூடுதல் பலம் அணிந்தவரின் ஏசியைத் தொடாது. அடிப்பவரின் பகடை எண்ணிலிருந்து கழிக்கப்படும். அன்றைய ஏசி ஒரு வகைக்குறி. இவர் தோல், அவர் சங்கிலி, அவ்வளவுதான். அதைக் கூட்டவும் பெருக்கவும் யாரும் நினைக்கவில்லை.

அடுத்த ஆண்டு வந்த 'கிரேஹாக்' இணைப்பில்தான் ஷீல்ட் மந்திரம் பிறந்தது. எய்யும் ஆயுதங்களுக்கு எதிராக ஏசி 2, மற்றவற்றுக்கு 4. மந்திரவாதி எதையும் கூட்டிக்கொள்வதில்லை. சிறிது நேரத்துக்கு இன்னொரு வகைக்குள் போய் நிற்கிறான். கைவாள் அவனைத் தொட 15 வேண்டும், அம்புக்கு 17. தகடும் கேடயமும் உடையவனுக்கு இந்த மந்திரத்தால் ஒரு பயனும் இல்லை. எவ்வளவு நியாயமான ஏற்பாடு! கனமான இரும்பைச் சுமந்தவனின் உழைப்பை யாரும் குறுக்குவழியில் தாண்டவில்லை.

1989-இன் இரண்டாம் பதிப்பும் இந்தப் பிடியை விடவில்லை. 'ஆர்மர்' மந்திரம் ஏசி 6 தரும். ஏற்கனவே கவசம் போட்டவர் மேல் பலிக்காது. ஷீல்ட் மந்திரத்தோடும் சேராது.

2000-இல் எல்லாம் தலைகீழானது. ஜொனாதன் ட்வீட், மான்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் அமைத்த மூன்றாம் பதிப்பில் ஏசி 10-இல் தொடங்கி மேலே ஏறியது. சிறுவர்களுக்கும் புரியும் கணக்கு, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏசி கூட்டுத்தொகையாகிவிட்டால், எதை எதோடு கூட்டலாம் என்ற சண்டை வந்தே தீரும். அதற்காக ஒவ்வொரு காப்புக்கும் ஓர் இனம் வகுத்தார்கள்: கவசம், கேடயம், இயற்கைத் தோல், விலக்கம், தப்புதல். பொதுவாக ஒரே இனத்தில் இரண்டு இருந்தால் பெரியது மட்டும் செல்லும். ஒரு குடைக்குள் இன்னொரு குடை விரித்தால் மழை அதிகமாக நின்றுவிடாது. வெவ்வேறு இனமானால் எல்லாம் கூடும்.

2003-இல் வந்த திருத்தப் பதிப்பின்படி முதல் நிலை மந்திரவாதி ஒருவனை எடுத்துக்கொள்வோம். அடிப்படை 10, சுறுசுறுப்புக்கு 2. மேஜ் ஆர்மர் கவச இனம், 4. ஷீல்ட் கேடய இனம், 4. மொத்தம் 20. தோழன் ஒருவன் ஷீல்ட் ஆஃப் ஃபெய்த் ஓதினால் விலக்கத்துக்கு 2 சேர்ந்து 22. முழுத் தகட்டுக்கு 8, கனத்த இரும்புக் கேடயத்துக்கு 2, அந்த இரும்பு அனுமதிக்கும் சுறுசுறுப்பு 1 என்று போர்வீரன் நிற்பது 21-இல். முதல் நிலையில் அந்தக் கவசத்தை வாங்க அவனிடம் காசே இருக்காது என்பது தனிச் சோகம். ஷீல்ட் மந்திரம் நிமிடக் கணக்கில்தான் நிற்கும் என்று சமாதானம் சொல்வார்கள். சண்டைகள் அதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடுகின்றனவே!

2014-இன் ஐந்தாம் பதிப்பு பழைய ஞானத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. மேஜ் ஆர்மர் இப்போது எதன் மேலும் ஏறுவதில்லை. 13-உம் சுறுசுறுப்பும் சேர்ந்து புதிய அடிப்படை ஏசி. கவசம் அணிந்தவருக்கு அது பலிக்காது. ஏசியைக் கணக்கிட இரண்டு முறைகள் கையில் இருந்தால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். கிரேஹாக்கின் மந்திரவாதி திரும்பி வந்துவிட்டான் என்று மகிழ்ந்தேன்.

ஷீல்ட் மட்டும் அடங்கவில்லை. அடி விழும் கணத்தில் ஓதலாம், 5 கூடும், அடுத்த முறை வரும்வரை நிற்கும். துணி உடுத்தியவன் ஒரு நொடி 20-ஐத் தொடுவது அழகுதான். தகடும் கேடயமும் தரும் எண்ணும் அதுவே. ஆனால் எல்ட்ரிச் நைட் வகைப் போர்வீரன் அதே தகட்டையும் கேடயத்தையும் போட்டுக்கொண்டு, கை நிறைந்திருந்தும் மந்திரம் ஓதும் திறனையும் பெற்றுவிட்டால், 25. 2024-இல் திருத்தி எழுதியபோதும் அந்த 5-ஐக் குறைக்கவில்லை. கவசம் அணியாதவருக்கு மட்டுமே ஷீல்ட் என்று ஒரே வரி சேர்த்திருந்தால் போதும். என் மேசையில் அந்த வரி இருக்கிறது; ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.