வெண்ணெய் வாசனை போன வழி

பாலாடையைப் புளிக்கவிட்டால் அதிலுள்ள நுண்ணுயிரிகள் டையசெட்டில் என்றொரு பொருளை உண்டாக்குகின்றன. வெண்ணெயின் மணத்தில் பெரும்பங்கு அதனுடையது. தனியே எடுத்தால் மஞ்சள் நிறத் திரவம். 88 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதற்கு வெகு முன்பே ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும்.

வெண்ணெயில் இது இம்மியளவுதான் இருக்கும். ஆலையில் தயாரிக்கப்பட்ட டையசெட்டில் மார்ஜரினுக்குப் போனது, மிட்டாய்க்குப் போனது, பிறகு மைக்ரோவேவ் பாப்கார்னுக்குப் போனது. உணவில் சேர்க்கும் பொருள் பாதுகாப்பானது என்று முன்கூட்டியே நிரூபிக்க வேண்டும் என அமெரிக்கா 1958இல் சட்டம் போட்டது. வல்லுநர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட பொருள்களுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்குக்கு உரிய பொருள்களை முடிவுசெய்யச் சுவையூட்டி உற்பத்தியாளர் சங்கம் 1960இல் ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. 1965இல் வந்த அதன் முதல் பட்டியலில் டையசெட்டிலின் எண் 2370. ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு சாப்பிடுவார், அது உடலுக்குள் என்னவாகும் என்பதே குழுவின் கேள்வி. அந்த அளவில் குழு சொன்னது சரிதான். ஆனால் அந்தத் திரவத்தை வாளி வாளியாகக் கையாள்கிறவரைப் பற்றிக் கேட்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

மிசௌரி மாநிலத்தின் ஜாஸ்பர் என்ற சிற்றூரில் ஒரு பாப்கார்ன் ஆலை. கலவை அறையில் பெரிய தொட்டியில் சோயா எண்ணெய் சூடாக இருக்கும். தொழிலாளி மூடியைத் திறப்பார், திறந்த வாளியிலிருந்து வெண்ணெய்ச் சுவையூட்டியை ஊற்றுவார். ஆவி நேரே முகத்துக்கு வரும். அந்த அறைக் காற்றின் பத்து லட்சம் பங்கில் சராசரியாக 30 பங்குக்கும் மேல் டையசெட்டில் இருந்ததைப் பின்னர் அளந்தார்கள்.

2000ஆம் ஆண்டு ஒரு மருத்துவர் மாநில சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுத்தார்: அங்கே வேலை பார்த்த எட்டுப் பேருக்கு ஒரே விதமான நுரையீரல் பாதிப்பு. நுண்ணிய மூச்சுக் குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் அந்த நோய் மருந்துக்கு மீளாது. நான்கு பேர் நுரையீரல் மாற்று அறுவைக்குக் காத்திருந்தார்கள். தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், அப்போது வேலையில் இருந்தவர்களைச் சோதித்தது. மூச்சு அடைப்பு வழக்கத்தைவிட 3.3 மடங்கு. புகையே பிடிக்காதவர்களிடம் 10.8 மடங்கு, சிகரெட்டின் மேல் பழிபோட வழியில்லாமல் செய்த கணக்கு இதுதான்.

வழக்குகள் வந்தன. 2007 வாக்கில் பெரிய பாப்கார்ன் நிறுவனங்கள் டையசெட்டிலைக் கைவிட்டன. பதிலுக்குச் சிலர் எடுத்துக்கொண்டது 2,3-பென்டேன்டையோன். டையசெட்டிலைவிட ஒரு கார்பன் அணு கூடுதல், மற்றபடி அதே குடும்பம். எலிகளின் மூச்சுக் குழாயை அதுவும் அரித்தது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். வேதி அமைப்பைப் பார்த்தவுடனே எழுந்திருக்க வேண்டிய சந்தேகத்தை எலிகள் செத்த பிறகு உறுதிசெய்திருக்கிறோம்.

நியாஷ் 2016இல் வரம்பைப் பரிந்துரைத்தது: நூறு கோடிப் பங்கு காற்றில் டையசெட்டில் 5 பங்கு, மற்றது 9.3 பங்கு. ஜாஸ்பர் கலவை அறையில் இருந்த டையசெட்டில் அதன் வரம்பைப்போல ஆறாயிரம் மடங்கு. பரிந்துரை என்பதால் இதை மீறினால் தண்டனை கிடையாது.

இதற்கிடையே டெக்சாஸில் சுவையூட்டிய காபி தயாரித்த ஆலையிலும் அதே நோய் தலைகாட்டியது. காபிக் கொட்டையை வறுக்கும்போது, யாரும் எதையும் சேர்க்காமலே, டையசெட்டில் பிறக்கிறது. அரைக்கும்போது காற்றில் வெளியேறுகிறது. அதனால் சாதாரணக் காபி ஆலைகளிலும் இப்போது அரைவை இயந்திரத்தின் அருகே காற்றை அளக்கிறார்கள், வெளியேற்றக் குழாய் பொருத்தச் சொல்கிறார்கள்.