முதல் அடியும் மறக்கப்பட்ட மேசையும்

ஸ்னூக்கரின் பிறப்பைக் கூறும் வரலாறுகள் பெரும்பாலும் ஒரே பெயரில் நின்றுவிடுகின்றன. 1875இல் ஜபல்பூர் படைமுகாமில் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் அதிகாரி இவ்வாட்டத்தை உருவாக்கினார் என்பதும், 1880களில் அதன் விதிகள் உதகமண்டலம் கிளப்பில் எழுதி வைக்கப்பட்டன என்பதும் பலரும் அறிந்தவை. இவர் பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் அல்லர். விதிகள் நினைவில் நிற்கின்றன. அவற்றுக்கு இடம் தந்த மேசை மறக்கப்படுகிறது.

ஆட்டத்தின் முதல் அடியை நோக்கினால் மேசையின் பங்கு விளங்கும். முக்கோணமாய் அடுக்கிய 15 சிவப்புப் பந்துகளின் ஓரப் பந்தை வெள்ளைப் பந்து மெல்ல உரசி, விளிம்புகளில் மோதி, புறப்பட்ட முனைக்கே மீள வேண்டும். மீளாவிடில் எதிராளிக்கு வாய்ப்பு வாய்க்கும். இதற்குப் பந்தின் மையத்தை விட்டு விலகி அடித்துப் பக்கச் சுழற்சி தர வேண்டும். விளிம்பில் பட்டதும் அச்சுழற்சியே பந்தின் கோணத்தை விரிக்கிறது.

அத்தகைய அடி முன்பு எளிதன்று; வெறும் மரமுனை வழுக்கிவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் மேங்கோ கோலின் முனையில் தோலைப் பொருத்தினார். சுண்ணக்கட்டியின் பூச்சு பிடிப்பை மிகுவித்தது. 1835இல் கொரியோலிஸ் பில்லியர்ட்ஸ் பந்தின் இயக்கத்தைக் கணித நூலாகவே எழுதினார். லண்டனில் ஜான் தர்ஸ்டன் கற்பலகைத் தளத்தையும் ரப்பர் விளிம்பையும் பரவச் செய்தார். தொடக்ககால ரப்பர் குளிரில் இறுகித் துள்ளல் இழந்தது; கந்தகத்தால் பதப்படுத்திய ரப்பர் வந்தபின் அக்குறை பெரிதும் நீங்கியது.

ஆயினும் தட்பவெப்பத்தை எவரும் முற்றிலும் வெல்லவில்லை. ஈரம் ஏறிய கம்பளித் துணி பந்தின் வேகத்தைக் குறைக்கும். யானைத் தந்தப் பந்துகள் ஈரத்திற்கும் வறட்சிக்கும் ஏற்ப வடிவம் திரியும். துணியின் மயிரிழைகள் ஒரே திசையில் படிந்தவை. முதல் அடியில் பந்து இழையோடு சென்று, இழைக்கு எதிராக மீள்கிறது. எனவே ஈரநாளில் அது பாதி வழியில் நின்றுவிடக்கூடும். ஜபல்பூரின் மழைக்காலத்திலும் நீலகிரியின் பனிமூட்டத்திலும் துணியைத் துலக்கித் தேய்த்து உலர்வாக வைப்பது அன்றாடப் பணி.

காலனியக் கால கிளப்புகளில் அப்பணி பெரும்பாலும் இந்திய ஊழியர்களின் கைகளில் இருந்தது. உறுப்பினராக நுழைய முடியாத அறையில், ஆட்டத்தின் புள்ளிகளைக் குறித்தவர்களும் அவர்களே. விதிகளை வகுத்தவரின் பெயர் நிலைத்தது. அவ்விதிகளின்படி பந்து ஓடச் செய்தவர்களின் பெயர்களைக் காண்பது அரிது. விளையாட்டு வரலாறு சுவரில் தொங்கிய விதித்தாளோடு, கீழே விரிந்த பச்சைத் துணியையும் வாசிக்க வேண்டும்.