அடிமைகள் கண்ட மோசே

வெள்ளி விழா என்று நாம் வழங்குவதை ஆங்கிலத்தில் சில்வர் ஜூபிலி என்பர். ஜூபிலி என்னும் சொல் எபிரெய மொழியினின்று வந்தது. ஆட்டுக்கடாவின் கொம்பாலாகிய எக்காளத்தை அது குறித்தது. 49 ஆண்டுகள் கழிந்து 50ஆம் ஆண்டு பிறக்கும்போது அவ்வெக்காளம் ஊதப்பட வேண்டும். வறுமையால் தன்னை விற்றுக்கொண்டவன் விடுதலை பெற்றுத் தன் சுற்றத்தாரிடம் திரும்ப வேண்டும். கைவிட்டுப்போன காணி உரியவனிடம் மீள வேண்டும் என்று லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் விதிக்கின்றது. ஆகவே, இச்சொல்லின் வேரில் இருப்பது கொண்டாட்டம் அன்று. அடிமை மீட்சியும் நில மீட்சியுமே ஆகும்.

இவ்விரு மீட்சிகளும் மறுக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டம், அமெரிக்கக் கறுப்பின அடிமைகள், விவிலியத்தை எவ்வாறு தம் நூலாக்கிக் கொண்டனர் என்னும் வரலாறு, கல்விச் சங்கம் கண்டு விழா எடுக்கும் நாம் அறிய வேண்டியதொன்றாகும்.

ஒரே நூல், இரு வாசிப்பு

விவிலியம் ஒரே குரலில் பேசும் நூலன்று. விடுதலை ஆண்டை விதிக்கும் அதே அதிகாரம், புறவினத்தாரை விலைக்கு வாங்கி அடிமை கொள்ளவும் இடந்தருகின்றது. எபேசியருக்கு எழுதிய நிருபம் அடிமைகள் எசமானர்க்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது. யாத்திராகமமோ, எகிப்தில் செங்கல் அறுத்து நொந்த அடிமைகளின் கூக்குரலைக் கடவுள் கேட்டார் என்றும், அவர்களை மீட்டுவர மோசேயைப் பார்வோனிடம் அனுப்பினார் என்றும் உரைக்கின்றது.

பண்ணை முதலாளிகள் முன்னதைப் பற்றிக்கொண்டனர். அதனோடும் நில்லாது, நோவா தன் மகன் காமைச் சபித்தான், கறுப்பர் காமின் வழிவந்தோர், ஆதலின் அடிமைத்தனம் அவர்க்குப் பிறப்பிலேயே விதிக்கப்பட்டது என்றும் போதித்தனர். ஆதியாகமத்தின் 9ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்ப்போர் உண்மை காண்பர். ஆங்கே சாபம் காமின்மேல் விழவில்லை. அவன் மகன் கானான்மேல் விழுந்தது. தோலின் நிறம் பற்றி ஒரு சொல்லும் அங்கு இல்லை. பிறப்பினால் இழிவு என்று நிலைநாட்ட முனைவோர், நூலில் இல்லாததையும் நூலின் பெயரால் சொல்லத் தயங்குவதில்லை.

கத்தரிக்கப்பட்ட வேதம்

1807ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில், பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே ஒரு விவிலியம் அச்சிடப்பட்டது. பிராட்டஸ்டண்டு விவிலியத்தில் 1189 அதிகாரங்கள் உண்டு. இதில் இருந்தவை 232 மட்டுமே. யோசேப்பு அடிமையாய் விற்கப்பட்டும் பொறுமையோடு உழைத்து உயர்ந்த கதை இருந்தது. மோசே தன் மக்களை எகிப்தினின்று அழைத்துச் சென்ற கதை இல்லை. பத்துக் கட்டளைகள் இருந்தன. அக்கட்டளைகளைப் பெற்ற மக்கள் எவ்வாறு விடுதலை பெற்றனர் என்பது இல்லை. எபேசியர் நிருபத்தின் கீழ்ப்படிதல் இருந்தது. அடிமையென்றும் சுயாதீனன் என்றும் வேறுபாடில்லை என்னும் கலாத்தியர் நிருபத்தின் கருத்து நீக்கப்பட்டது. எந்தப் பக்கம் தமக்கு ஆபத்து என்பதை ஆண்டோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. அடிமைக்கு எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1740இல் தடை செய்தது. ஜார்ஜியா 1829இலும் வட கரோலினா 1830இலும் படிக்கக் கற்பிப்பதையே குற்றமாக்கின. கற்பித்தவர் வெள்ளையராயின் தண்டம், கறுப்பராயின் கசையடி என வட கரோலினாவில் தண்டனையிலும் நிறவேற்றுமை இருந்தது.

தடையை மீறிய குரல்கள்

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் டென்மார்க் வெசி என்னும் தச்சர் இருந்தார். பரிசுச் சீட்டில் கிடைத்த பணத்தால் தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கியவர், எழுத்தறிந்தவர், கறுப்பர் திருச்சபையில் போதகக் குழுவொன்றின் தலைவர். யாத்திராகமத்தைத் தம் மக்களுக்குப் படித்துக் காட்டி, எகிப்தின் எபிரெயர் நாமே என்று அவர் உணர்த்தினார். கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பெற்று 1822 ஜூலை 2ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அவ்வழக்கில் தூக்கிலேறியோர் மொத்தம் 35 பேர். அவர்தம் கோயிலும் இடிக்கப்பட்டது.

படிக்கத் தெரியாதோர்க்கு அந்நூல் செவிவழியே சென்றது. மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்த ஹாரியட் டப்மன் எழுத்தறியாதவர். 1849இல் தப்பிச் சென்ற அவர், சுமார் 13 முறை திரும்பி வந்து ஏறத்தாழ 70 பேரை இரவோடிரவாக வடக்கே அழைத்துச் சென்றார். மக்கள் அவருக்கு இட்ட பெயர் மோசே. தான் மீண்டதோடு அமையாது, மீண்டும் பார்வோன் நாட்டினுள் காலெடுத்து வைத்தமையால் அப்பெயர் அவருக்குப் பொருந்திற்று.

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, வர்ஜீனியாவின் மன்றோ கோட்டையில் அடைக்கலம் புகுந்த அடிமைகள், மோசேயைப் பார்வோனிடம் தூதனுப்பும் ஒரு பாடலைப் பாடினர். அவ்வாண்டின் இறுதியில் அது அச்சேறியது. கத்தரித்து எறியப்பட்ட பக்கங்கள் அடிமைகளின் நாவில் பாட்டாக வாழ்ந்திருந்தன.

பாட்டினால் எழுந்த பள்ளி

விடுதலைக்குப் பின் கறுப்பின மக்கள் முதலில் நாடியவற்றுள் ஒன்று பள்ளி. விவிலியத்தைத் தம் கண்ணால் படித்துவிட வேண்டும் என்று முதியோரும் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து எழுத்துப் பயின்றனர். 1866இல் நாஷ்வில் நகரில், கைவிடப்பட்ட படைமருத்துவமனைக் கொட்டகைகளில் பிஸ்க் கல்விக்கூடம் தொடங்கிற்று. கடனில் அது மூழ்கவிருந்த வேளையில், 1871இல் மாணவர் ஒன்பதின்மர் பாடிப் பொருள் திரட்டப் புறப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர். அவர்கள் தாங்கிய பெயர் ஜூபிலிப் பாடகர். மோசேயின் பாட்டையும் ஏனைய அடிமைப் பாடல்களையும் பாடி ஈட்டிய பொருளால் ஜூபிலி மண்டபம் எழுந்தது. 1876 ஜனவரி முதல் நாள் அது திறக்கப்பெற்றது. அடிமைகளுக்கென 1807இல் கத்தரிக்கப்பட்ட அந்த விவிலியத்தின் படிகளில் இன்று எஞ்சியிருப்பதாக அறியப்படுபவை மூன்றே. அவற்றுள் ஒன்று அந்தப் பிஸ்க் பல்கலைக்கழகத்திற்கே உடைமை. மறைக்க எண்ணியோரின் நூல், மறைக்கப்பட்டோரின் வழிவந்தோர் கையில் சான்றாக இருக்கின்றது.

அரண்மனையை விட்டவர்

கறுப்பினப் பெண்பாற் புலவர் பிரான்சிஸ் ஹார்ப்பர் 1869இல் மோசேயைப் பற்றி நெடும்பாட்டு ஒன்று இயற்றினார். பார்வோன் மகளின் வளர்ப்பு மகனாய்ச் சிறப்புடன் வாழ்ந்த மோசே, அரண்மனையைத் துறந்து அடிமைப்பட்ட தன் இனத்தாரிடம் செல்லத் துணிவதை அப்பாட்டின் தொடக்கத்திலேயே அவர் வைத்தார். அடிமையல்லாதவராய்ப் பிறந்தும், போருக்குப் பின் தெற்கே சென்று விடுதலை பெற்றோரிடையே கல்வியைப் பரப்பியவர் அவர்.

மோசே கானான் நாட்டினுள் புகவில்லை. நேபோ மலைமேல் நின்று கண்டு மடிந்தார் என்று உபாகமம் முடிகின்றது. மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர் சுமார் 1300 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்க்குத் துணைநின்ற மார்ட்டின் லூதர் கிங், 1968 ஏப்ரல் 3ஆம் நாள் ஆற்றிய உரையில் அம்மலைக் காட்சியையே நினைவூட்டினார். மறுநாள் சுட்டுக் கொல்லப்பட்டார். குப்பை அள்ளும் கைகளுக்காக அவர் ஆற்றிய கடைசிப் பணி அது.

அவ்விடுதலை வரலாறு நம் நாட்டையும் எட்டியது. மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட குலாம்கிரி என்னும் நூலை, அடிமைத்தனத்தை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.

இளைஞர்களே! நூல் எதுவாயினும் அதனை யார் படிக்கின்றனர், யாருக்குப் படிக்கத் தடை என்பதில் அதன் பொருள் அடங்கியிருக்கின்றது. நமக்குச் சொல்லப்பட்டதை நாமே புரட்டிப் பார்க்கும் உரிமைதான் கல்வி. அக்கல்வியால் பதவியும் வளமனையும் பெறுவோர், மோசே அரண்மனையினின்று எத்திசை நோக்கி நடந்தார் என்பதையும் மறவாதிருப்பாராக. அதுவே இந்த ஜூபிலி ஆண்டில் நம் செவியில் விழ வேண்டிய எக்காள ஒலி.