பொளிச்செழுத்து: பன்னிரண்டு வருசத்துக்கு ஒரு கணக்கு



லண்டனில் ஃபிளாட் வாங்கியிருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: “சார், குத்தகை 82 வருசம்தான் மீதி. 80-க்குக் கீழே இறங்கினால் நீட்டிக்கச் செலவு கூடுமாம். காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்கு இப்படி ஒரு கணக்கா? நம்ம ஊர்ல இது உண்டுமா?”

உண்டு. அங்கே 99, 125 என்று எழுதுகிறார்கள். திருவிதாங்கூரில் நம் முன்னோருக்கு 12.

அதன் பெயர் காணப்பாட்டம். குடியான் ஒரு தொகையை ஜென்மியிடம் முன்பணமாகக் கொடுப்பார், அதுதான் காணம். அதற்குரிய வட்டியைப் பாட்டத்தில் கழித்து, மீதியை ஆண்டுதோறும் ‘மிச்சவாரம்’ என்று அளப்பார். 12 ஆண்டு முடிந்ததும் பழைய ஆதாரத்தை மாற்றிப் புதிது எழுத வேண்டும். அதற்கு ஜென்மிக்குத் தனியாகப் பணம். இதுதான் பொளிச்செழுத்து. வீடு கட்டி, தென்னை வைத்து, பிள்ளை பெற்று வாழ்ந்த மண்ணில் தொடர்ந்து இருப்பது ஜென்மியின் மனசைப் பொறுத்தது.

இது மாறியது ஒரே நாளில் அல்ல. மார்த்தாண்ட வர்மா காலத்தில் மாடம்பிமாரின் நிலம் ஏராளமாகச் சர்க்கார் வசம் வந்திருந்தது. ஆயில்யம் திருநாள் மன்னராகவும் மாதவராவ் திவானாகவும் இருந்தபோது, 1865-ல் பண்டாரவகைப் பாட்ட விளம்பரம் வந்தது. சர்க்கார் நிலத்துக் குடியானவர் அதை விற்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம். வரி கட்டும்வரை யாரும் இறக்கிவிட முடியாது. ஜென்மி நிலத்துக்கு 1867-ல் தனி அரச கட்டளை: பாட்டமும் வழக்கமான அவகாசங்களும் கொடுக்கும் காணக் குடியானை வெளியேற்றக் கூடாது. 1896-ன் ஜென்மி குடியான் சட்டம் அதை உறுதியாக்கியது. 1933 திருத்தம் குடியானையே உடமையாளர் ஆக்கி, ஜென்மிக்கு ஆண்டுதோறும் ‘ஜென்மிக்கரம்’ மட்டும் என்று நிறுத்தியது. 1956-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபின், 1964-ல் சென்னைச் சட்டமன்றம் அந்த ஜென்மிக்கரத்தையும் ஒழித்தது.

பக்கத்து மலபாரில் நிலைமை வேறு. அங்கே வெளியேற்றமும் பொளிச்செழுத்துப் பணமும் பெரும் கசப்பாக வளர்ந்தன. வில்லியம் லோகன் 1880-களிலேயே குடியானவர் பக்கம் நின்று அறிக்கை கொடுத்தார். ஆனால் மலபார் குடியாண்மைச் சட்டம் நடைமுறைக்கு வர 1930 ஆனது.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. காணக் குடியானுக்குக் கிடைத்த இந்த உரிமை, அவருக்குக் கீழே வெறும்பாட்டத்துக்கு உழுதவருக்கும், வரப்போரம் குடிசை போட்டிருந்த வேலையாளுக்கும் கிடைக்கவில்லை. ‘குடியான்’ என்று சட்டம் யாரைச் சொன்னதோ அவர்தான் தப்பித்தார்.

லண்டன் தம்பிக்கு என் பதில்: பயப்பட வேண்டாம். அங்கும் 1993 சட்டம், ஃபிளாட் குத்தகையை மேலும் 90 ஆண்டு நீட்டிப்பதை உரிமையாகவே தருகிறது. 2024 சட்டம் அதை 990 ஆக்க வழி செய்திருக்கிறது. நல்ல வக்கீலிடம் கேட்டு, 80-க்கு முன்பே முடித்துவிடும்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டியில் மலையாள எழுத்தில் பழைய ஆதாரம் கிடந்தால் எறியாதீர்கள். மிச்சவாரம், ஜென்மிக்கரம், பொளிச்செழுத்து என்ற சொற்கள் இருக்கிறதா என்று படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதிலுள்ள கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும். அது 1933-க்கு முந்தியதா பிந்தியதா என்று பாருங்கள். உங்கள் தாத்தா அந்த மண்ணில் என்னவாக இருந்தார் என்பது அதிலேயே தெரியும்.