ஓரக்குறிப்பில் உறங்கும் பெயர்கள்

போர்களின் வரலாறு படைத்தலைவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து வைக்கிறது. காயமுற்றோரின் புண்களைக் கழுவிய கைகள் எவருடையவை என்று அறிய விழைவோர், ஆவணக் காப்பகங்களின் பழுப்பேறிய தாள்களையே நாட வேண்டியுள்ளது.

முதல் உலகப் போரின்போது (1914–1918) பிரிட்டனில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கீழ்த் தொண்டாற்ற முன்வந்தோர் 90,000-க்கும் மேற்பட்டவர். பள்ளிகளும் ஆலய மண்டபங்களும் செல்வர் மாளிகைகளுமாக 3,000-க்கும் மேற்பட்ட இடங்கள் துணை மருத்துவமனைகள் ஆயின. தொண்டர்களின் பெயர், முகவரி, பணி, காலம் ஆகியவை தனித்தனி அட்டைகளில் எழுதப்பட்டன. அடுக்களையில் உழைத்த மணிநேரங்கூடப் பல அட்டைகளில் கணக்கில் ஏறியது. நூறாண்டு கடந்தும் ஒரு பேத்தி தன் பாட்டியின் தொண்டினை அவ்வட்டையில் கண்டு மகிழ இயலும்.

இரண்டாம் உலகப் போரில் தொண்டு செய்த தமிழ்ப் பெண்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கப்பெற்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1938-இல் பட்டம் பெற்ற மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். அதில் சேர்ந்தோருள் மிகப் பலர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள். இந்திய மண்ணைக் கண்ணாலும் கண்டிராதவர்கள் அவர்களுள் பலர். துப்பாக்கி ஏந்தப் பயின்றவர்களோடு செவிலியர் பணிக்கெனப் பயின்றவர்களும் இருந்தனர். 1944-இல் இம்பால் போர்முனையிலிருந்து காயத்தோடும் காய்ச்சலோடும் பசியோடும் திரும்பிய வீரர்களைப் பர்மாவின் மேமியோ மருத்துவமனையில் இப்பெண்கள் பேணினர்.

அவர்கள் எத்தனை பேர்? சில நூறு என்பார் சிலர். ஆயிரத்துக்கும் மேல் என்பார் வேறு சிலர். போர் முடிவில் அப்படையின் ஆவணங்கள் பல அழிந்துபோனதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். முதுமையில் சிலர் அளித்த நேர்காணல்களும் வாய்மொழிப் பதிவுகளும் ஓரளவு கைகொடுக்கின்றன. ஆயினும், எழுதப் படிக்க அறியாத தோட்டத்துப் பெண்ணைத் தேடிச் சென்று கேட்டவர் சிலரே.

இவ்விடத்தில் நம் பங்குகளுக்கு ஒரு கடமை உண்டு. ரிஷிவந்தியம், கள்ளக்குறிச்சி வட்டாரங்கள் அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. கங்காணிகளின் சொல்லை நம்பி மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழ்க் குடும்பங்களில் தென்னார்க்காட்டாரும் இருந்தனர். திருமணம் எந்நாட்டில் நடந்தாலும், அச்செய்தியைத் திருமுழுக்குப் பெற்ற பங்கிற்குத் தெரிவித்து, பதிவேட்டில் அப்பெயரின் அருகே குறிக்கச் செய்வது திருச்சபையின் சட்டம். ஆகவே, இங்கே திருமுழுக்குப் பெற்ற ஒரு பெண்ணின் பெயருக்கருகே மலாயாப் பங்கு ஒன்றின் பெயர் காணப்படுமாயின், அது ஒரு வழிகாட்டி. அப்பங்கின் ஏடுகளில் அவருடைய மகளின் பெயரைத் தேடலாம். அம்மகள் 1943-இல் என்ன செய்தாள் என்று அங்குள்ள உறவினரைக் கேட்கலாம். கத்தோலிக்கக் குடும்பங்களை மட்டுமே இவ்வழியில் காண இயலும் என்பது உண்மை. ஏனையோர்க்குப் பழைய கடிதங்களும் பாட்டிமாரின் நினைவுகளுமே துணை. நம் ஏடுகளோ செல்லரித்து வருகின்றன; நினைவுடையோரும் ஒவ்வொருவராய் விடைபெறுகின்றனர். இரண்டிற்கும் காலம் மிகக் குறைவு.

நல்ல சமாரியரின் பெயரை லூக்கா நற்செய்தி கூறவில்லை. ஆயினும் அவர் வார்த்த எண்ணெயையும் திராட்சை மதுவையும், சாவடிக்காரரிடம் கொடுத்த இரண்டு தெனாரியத்தையும் அது மறவாது குறிக்கிறது. இரக்கத்தின் செயல் எழுதி வைக்கத் தக்கது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. நவம்பர் மாதத்தில் இறந்தோர்க்காக மன்றாடும் நாம், அவ்வாண்டுகளின் ஏட்டினை ஒருமுறை திறந்து, மலாயா சென்றவர்களின் பெயர்களைப் படியெடுத்து வைப்போமாக.