வெற்றிடத்தின் மூன்று பொருள்கள்

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருக்கோடி வீட்டில் ஓர் உறைக்கிணறு இருக்கிறது. அவ்வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். 1994 முதல் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று, கல் கட்டிய கயிற்றைக் கிணற்றில் இறக்கி, தரையிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து ஒரு பேரேட்டில் எழுதிவருகிறார். ஆண்டுக்கு ஒரு வரி, வரிக்குப் பன்னிரண்டு கட்டங்கள். தாள் மஞ்சளேறி ஓரங்கள் உதிரத் தொடங்கியதும் என்னை அழைத்தார். "இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுங்க தம்பி. எனக்கப்புறம் யாராவது பாக்கணும்ல."

விரிதாளில் தட்டச்சு செய்துவிட்டேன். எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய வெற்று உரையாக, காற்புள்ளி இட்டுப் பிரித்த வரிகளாக அதை மாற்றப் பைத்தான் மொழியில் பத்து வரி நிரலும் எழுதினேன். வரைபடம் போட்டுப் பார்த்தபோதுதான் திடுக்கிட்டேன். பூண்டியும் செம்பரம்பாக்கமும் தரை தெரிய வறண்டு கிடந்த 2019 கோடையில், எங்கள் தெருக் கிணறு தரைமட்டம் வரை ததும்பிக்கொண்டிருந்ததாக அது காட்டியது.

பிழை என்னுடையது. 'எண் இல்லாத கட்டத்தை 0 எனக் கொள்க' என்று நிரலில் ஒரு வரி எழுதியிருந்தேன். பேரேட்டில் 0 என்றால் தண்ணீர் தரையைத் தொட்டுவிட்டது என்று பொருள். 2015 டிசம்பரில் பெரியவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார். வற்றிய மாதங்களுக்கு ஒரு கிடைக்கோடு இட்டிருந்தார். இவை தவிர, 2004இல் மூன்று கட்டங்கள் வெறுமையாக இருந்தன. மனைவியின் சிகிச்சைக்காக அவர் வெளியூரில் தங்கியிருந்த மாதங்கள் அவை. வெள்ளம், வறட்சி, ஆளில்லாமை மூன்றையும் என் ஒற்றை வரி ஒரே 0 ஆக்கிவிட்டது.

இந்த அறியாமைக்கு ஒரு நீண்ட பரம்பரை உண்டு என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். அதைச் சற்றுப் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

அட்டவணையைத் தொடர் உரையாக மாற்றும் வேலை கணினியோடு பிறந்ததன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிக் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இக்கல்வெட்டு, பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியலிடுகிறது. எந்தச் சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்பன ஒவ்வொருவருக்கும் அதே ஒழுங்கில் வருகின்றன. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு நூறு கலம் நெல். சுவரில் கோடு கிழித்த கட்டங்கள் இல்லை, நிறுத்தற்குறிகளும் இல்லை. இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்ற சொற்களே வரியைப் பிரிக்கும் குறிகளாக நிற்கின்றன. என்னைக் கவர்ந்தது வேறொன்று. பங்கு பெறுபவர் இறந்துவிட்டாலோ நாட்டை விட்டுப் போய்விட்டாலோ அந்த இடத்துக்கு யார் வரவேண்டும், தகுதியான உறவினர் இல்லையென்றால் என்ன செய்யவேண்டும் என்பதையும் கல்லிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். கட்டம் காலியாகும் என்பதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்த பட்டியல் அது. (எண்களிலும் அக்காலத் தமிழ் முறை தனிச் சுகம். ௨௲௩ என்றால் 2003. நடுவே சுழியும் வேண்டாம், காற்புள்ளியும் வேண்டாம். ஆயிரத்தின் குறியே இடத்தையும் சொல்லிவிடும். இன்று நாம் 1,00,000 என்று எழுதப் போய், அப்பாவி நிரல் அதை மூன்று கட்டங்களாக வெட்டிவிடுகிறது.)

அடுத்து 1825. சென்னை வானாய்வகத்தில் முன்பு பொறுப்பு வகித்த ஜான் வாரன் அவ்வாண்டு சென்னையில் 'கால சங்கலிதம்' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, ஏட்டின் துணையின்றி, அவ்வாண்டு மே இறுதியில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் பதிவு செய்கிறார். கிரகணத்தின் தொடக்கத்துக்கு அவர் கண்ட நேரம் நான்கு நிமிடமே பிசகியது என்று, இந்நிகழ்வைப் பிற்காலத்தில் ஆராய்ந்த ஓட்டோ நாய்கெபவர் எழுதியிருக்கிறார். நடுப்பகுதிக்கும் முடிவுக்கும் பிழை கூடுதல்தான். ஆயினும் அட்டவணைகள் எங்கே இருந்தன? அவர் நாவில் இருந்தன. வாக்கியக் கணிதத்தில் சந்திரனின் நிலை, 248 நாள்களுக்கு நாளுக்கொரு சொற்றொடராகக் கோக்கப்பட்டிருந்தது. எழுத்துகள் இலக்கங்களைக் குறிக்கும் கடபயாதி முறை அதற்கு அடிப்படை. அம்முறையில் சுழிக்கும் எழுத்து உண்டு. 'ஒன்றுமில்லை' என்பதையும் வாயால் உச்சரித்தே ஆகவேண்டும். விட்டுவிட்டால் அடுத்த இலக்கம் அதன் இடத்துக்கு நகர்ந்து கணக்கு கெட்டுவிடும்.

துளை அட்டைக் காலத்தில் இந்த எச்சரிக்கை தளர்ந்தது. சென்னை ஐஐடிக்கு 1973இல் ஐபிஎம் 370 கணினி வந்தபோது, மாணவர்கள் ஃபோர்ட்ரான் நிரல்களை எண்பது பத்தி அட்டைகளில் துளையிட்டு வரிசையில் நின்றார்கள். அந்த அட்டையில் பிரிகுறி கிடையாது. ஐந்தாம் பத்தியிலிருந்து எட்டாம் பத்தி வரை ஓர் எண் என்று நிரல் சொன்னால், அங்கே இருப்பதுதான் எண். அங்கே துளையே இல்லாவிட்டால்? அக்கால ஃபோர்ட்ரான் வெற்றிடத்தைச் சுழியாகப் படித்தது. என் பத்து வரி நிரல் செய்த பிழை அங்கே மொழியின் விதியாகவே இருந்திருக்கிறது!

அதே 1970களின் தொடக்கத்தில் ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான், காற்புள்ளியால் பிரித்த தரவையும் ஏற்கத் தொடங்கியது. பத்தி எண்ணும் தொல்லை ஒழிந்தது. 1978இல் வெளியான ஃபோர்ட்ரான் 77 தரம் இவ்வகை உள்ளீட்டைப் பொதுவாக்கியது. ஆனால் அடுத்தடுத்து இரு காற்புள்ளிகள் வந்தால் அதற்கு அங்கே விசித்திரமான பொருள்: அந்த மாறியில் முன்பிருந்த மதிப்பு எதுவோ அது அப்படியே இருக்கட்டும், தொடாதே. அட்டையில் சுழியாக இருந்த வெற்றிடம், காற்புள்ளிகளுக்கு நடுவே வந்ததும் 'பழையபடி' ஆகிவிட்டது. எங்கள் கிணறு அந்த விதிக்குள் சிக்கியிருந்தால், வற்றிய மாதங்களிலும் ஏப்ரல் மாத நீரையே காட்டிக்கொண்டிருக்கும்.

காற்புள்ளியைத் தேர்ந்ததே ஒரு விபத்து என்றுதான் எனக்குப் படுகிறது. ஆஸ்கி எழுத்துக் குறியீட்டில் 28 முதல் 31 வரையிலான நான்கு இடங்கள், தரவைப் பிரிப்பதற்கென்றே 1960களில் ஒதுக்கப்பட்டவை. முகவரியிலும் தொகையிலும் புழங்காத தூய பிரிகுறிகள். ஆனால் அவற்றுக்கு விசைப்பலகையில் தனி விசை இல்லை, கண்ணுக்குத் தெரியும் உருவமும் இல்லை. கைக்கு எளிதாகக் கிடைத்த காற்புள்ளி வென்றது. பல பத்தாண்டுகள் புழங்கிய பின், 2005 அக்டோபரில்தான் ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் இவ்வழக்கத்தை எழுத்தில் வைத்தது. காற்புள்ளி உள்ள புலத்தை இரட்டை மேற்கோளுக்குள் இடவேண்டும், மேற்கோளே உள்ளே வந்தால் அதை இரட்டிக்கவேண்டும் என்றெல்லாம் சொல்லும் அந்த ஆவணம், காலிப் புலத்துக்கு என்ன பொருள் என்று சொல்வதில்லை. 2003இல் பைத்தானோடு இணைந்த சிஎஸ்வி நிரல்தொகுதியும், இயல்பான அமைப்பில், 'மதிப்பில்லை' என்பதையும் வெற்றுச் சரத்தையும் ஒன்றுபோலவே எழுதுகிறது. அப்படி எழுதிய பின் எது எது என்று மீட்க வழியில்லை.

மேற்கோள் விதி என்னைப் பெரியவரிடம் மாட்டிவிட்டது. அங்குலத்துக்கு அவர் இடும் இரட்டைக் கோடும் கணினியின் மேற்கோளும் ஒரே விசை. 18 அடி 6 அங்குலம் என்ற குறிப்பு, கோப்பில் முடிவில் மூன்று மேற்கோள்களோடு நின்றது. "மூணு கொம்பு எதுக்கு?" என்றார். எல்லாவற்றையும் அங்குலமாக்கி, வெறும் எண்ணாக எழுதினேன்.

வெற்றிடத்துக்கு, பேரேட்டில் இல்லாத ஒரு பத்தியைச் சேர்த்தேன். அதில் 'அளந்தது', 'வற்றியது', 'அளக்கவில்லை' என்ற மூன்று சொற்களில் ஒன்று கட்டாயம் வரும். முதற்சொல் இருந்தால் மட்டுமே ஆழப் பத்தியில் எண் இருக்கும். பிறகு பேரேட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் அவர் விரலால் தொட்டுப் படிக்க, நான் திரையில் ஒத்துப் பார்த்தேன். இரண்டு மாலைகள் ஆயின. 2004க்கு வந்தபோது அவர் விரல் நின்றது. "இங்க அளக்கலன்னா போடுவீங்க?" என்றார். ஆமென்றேன். "போடுங்க" என்று அடுத்த கட்டத்துக்குப் போனார்.

கோப்பு மூன்று இடங்களில் சேமிக்கப்பட்டிருக்கிறது. பேரேடும் தொடர்கிறது, இம்மாதம் 11 அடி 3 அங்குலம்.